ஞானையா பக்கத்துப் பள்ளம்

இதில் வரும் ஒவ்வொரு சொல்லும் உண்மை. கற்பூரத்தை அணைத்தும் சத்தியம், வேதப்புத்தகத்தின் மேல் கை வைத்தும் சத்தியம். இரண்டு தரப்பு ஆட்களும் வருகிற விவகாரம் என்பதால் ஒரு சத்தியம் போதாது. நம்பாதவர்கள் பெருங்களத்தூர் ரயிலடியிலிருந்து பீர்க்கன்கரணை ஏரி வரைக்கும் யாரை வேண்டுமானாலும் நிறுத்திக் கேட்டுக்கொள்ளலாம். தெரியாது என்று யாராவது சொன்னால், பயத்தில் சொல்கிறார்கள் என்றுதான் எடுத்துக்கொள்ள வேண்டும்.

ரத்தினபாய்க்கு முதலில் தட்டுப்பட்டது மெத்தையில் ஒரு பள்ளம். ஐப்பசி மழை ஜன்னல் கம்பியில் சொட்டிக்கொண்டிருந்த மதியம் அது. சாப்பிட்டுவிட்டுக் கண்ணயர்ந்து எழுந்தவள் பக்கத்தில் கையை ஊன்றினாள். கை உள்ளே போயிற்று. அது அவள் புருஷன் ஞானையா படுக்கிற பக்கம். ஞானையா கர்த்தருக்குள் போய்ச் சேர்ந்து பல வருடம் ஆகிறது. உயிரோடு இருந்தபோதே அந்த மனுஷன் ஒட்டடைக்குச்சி. மின்சார ரயிலில் அவர் உட்கார்ந்திருப்பது தெரியாமல் இரண்டு பேர் அவர் மேலேயே உட்கார்ந்திருக்கிறார்கள். அவர் படுத்து மெத்தை அமுங்கியதாகச் சரித்திரம் கிடையாது. இப்போதோ தோளுக்கு ஒன்று, இடுப்புக்கு ஒன்று, குதிகாலுக்கு இரண்டு என்று, ஒருக்களித்துப் படுத்த ஒரு ஆளின் அச்சு அந்த இலவம்பஞ்சில் ஆழமாக இறங்கியிருந்தது. உள்ளங்கையை வைத்துப் பார்த்தாள். ஜில்லென்றிருந்தது. அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே பஞ்சு மெல்ல, மிக மெல்ல மேலே எழும்பி வந்தது. யாரோ அப்போதுதான் எழுந்து போனதுபோல.

பழைய பஞ்சு, மழை ஈரம் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு மெத்தையைத் திருப்பிப் போட்டாள்.

சில மாதங்களாகவே அவளுக்கு மனசு நிலையில்லாமல்தான் இருந்தது. அடுப்பில் பாலை வைத்துவிட்டு அது பொங்கி வழிவதை, வேறு யார் வீட்டுப் பாலோ என்பதுபோல நின்று பார்த்துக்கொண்டிருப்பாள். மனப்பாடமாகத் தெரிந்த சங்கீதம் பாதியில் அறுந்துபோகும். கொடியில் காயும் தன் புடவையைப் பார்த்து ஒரு காரணமும் இல்லாமல் அழுகை வரும். ஒருநாள் ரேஷன் கடையிலிருந்து திரும்பும்போது சொந்தத் தெரு மறந்துபோய், ஏரிக்கரையில் நின்றுகொண்டிருந்தவளைப் பேப்பர்காரர் கையைப் பிடித்து வீட்டில் கொண்டுவந்து விட்டார். நாக்கில் எந்நேரமும் ஒரு தித்திப்பு. சர்க்கரைத் தித்திப்பு அல்ல, நாணயத்தை வாயில் போட்டுக்கொண்டால் வருமே, அந்தத் தித்திப்பு.

அடுத்து வந்தது வாசனை. வெள்ளிக்கிழமை விளக்கு வைக்கிற நேரம். பக்கத்து வீட்டில் சாம்பிராணி போடுகிறார்கள் என்று நினைத்து ஜன்னலைச் சாத்தினாள். சாத்திய பிறகு வாசனை அதிகமானது. குங்கிலியம் கருகுகிற வாசனை, அதன் அடியில் சூடான உலோகத்தின் நெடி. கூடவே ஹாலிலிருந்து ஒரு சத்தம். ஸ்ஸ். கொஞ்சம் அமைதி. ஸ்ஸ். கொதிக்கும் கம்பி முனை எதையோ தொட்டு எடுக்கிற சத்தம். தொடுதல், இழுத்தல், ஊதுதல், அடுத்தது. அந்தத் தாளம் அவளுக்குத் தெரியும். அது அவளுடைய கையின் தாளம்.

தாம்பரம் சானடோரியத்தில் ஏற்றுமதி வளாகம் வந்த புதிதில், ரேடியோவுக்கான சர்க்யூட் பலகைகள் செய்கிற ஒரு கம்பெனியில் ரத்தினபாய் சேர்ந்தாள். பெண்கள் வரிசையாக உட்கார்ந்து உதிரிப்பாகங்களை ஈயத்தால் ஒட்டுகிற வேலை. ஒரு கையில் ஈயத்தை உருக்குகிற சால்டரிங் அயர்ன், மறு கையில் கடுகளவு உதிரிப்பாகம். உள்ளே குங்கிலியம் அடைத்த ஈயக்கம்பியைப் பிடிக்க மூன்றாவது கை வேண்டும். கடவுள் அந்த ஏற்பாட்டைச் செய்யாததால், கம்பியின் நுனியை உதட்டில் கவ்விக்கொண்டு முகத்தை ஆட்டியே வேலையை முடித்தார்கள். யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை, சீக்கிரம் முடிக்க வேண்டும் என்பதற்காக அவர்களே கண்டுபிடித்தது. ரத்தினபாய்தான் அதில் முதலாவது. அவள் பலகையில் ஒரு சொட்டு ஈயம் கூடுதலாகவோ குறைவாகவோ இருக்காது. இருபத்தைந்து வருடத்துக்கு மேல் அப்படிச் சப்பினாள்.

பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து சப்பியவள் கிளியம்மாள். உள்ளூர்க்காரி, அவர்கள் வயல் இருந்த இடத்தில் இப்போது அவர்களுடைய வாடகை வீடுகள் நிற்கின்றன. வாரத்துக்கு ஒருமுறை வாழைப்பூ வடையோடு வந்து ரத்தினபாயை விசாரித்துவிட்டு, வடையைத் தானே தின்றுவிட்டுப் போவாள்.

"இன்னாக்கா, பாதியா எளச்சுப் பூட்ட. காத்தடிச்சா ஏரியில போயி வுயுவ போல கீதே."

"பசிக்கலை கிளி. உனக்கு ஞாபகம் இருக்கா, கம்பிய வாயில வெச்சுக்குவோமே."

"மறக்குமா? லேசா இனிப்பா இருக்கும். சாயங்காலம் ஆளுக்கொரு வாயப்பயம் குடுப்பாங்க. அத்தத் துன்னுட்டா உள்ள போன பொகையெல்லாம் வவுத்தோட பூடும்னு நெனச்சுகினு இருந்தோம். நல்லா நெனச்சோம் போ."

ரத்தினபாய் மெத்தையைப் பற்றிச் சொன்னாள். வாசனையைப் பற்றியும் சத்தத்தைப் பற்றியும் சொன்னாள். கிளியம்மாள் விழுந்து விழுந்து சிரிப்பாள், அதைக் கேட்டுத் தன் பயமும் போய்விடும் என்று நினைத்துத்தான் சொன்னாள். கிளியம்மாள் சிரிக்கவில்லை. வாயில் இருந்ததை மென்று விழுங்கினாள்.

"உன்னுது வூட்டுக்குள்ளயே வந்துட்ச்சா?"

"எது?"

"என்னுது வாசல்லதான் குந்திகினு கீது. ஆடியில வந்துது. நான் உள்ள வுடல. மோட்டாராண்ட குந்திக்கும். மருமவ தெனம் அதும் தலை மேலதான் மாப்பு காயப் போடறா. அவளுக்கு இன்னா தெரியும், பாவம்."

"அது யாரு கிளி?"

"மூஞ்சிய இன்னும் பாக்கல நீ. பாக்காத." கிளியம்மாள் எழுந்து முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டாள். "கொயந்தைக்கு ஸ்கூல் வுட்டுடும், நான் வரேன். குந்த மட்டும் எடம் குடுத்துடாதக்கா. குந்திட்டா எந்திரிக்காது."

ரத்தினபாய் ஹாலைத் திரும்பிப் பார்த்தாள். மூன்று பேர் உட்காரும் சோபாவில் இடது ஓரத்து மெத்தை கிண்ணம்போலக் குழிந்திருந்தது. அந்த ஓரத்துக் காலின் கீழே டைல்ஸ் விண்டிருந்தது.

மகள் டெபோரா சிறுசேரியில் கம்ப்யூட்டர் கம்பெனியில் இருப்பவள். ஏரிக்கரை விஷயத்தைப் பேப்பர்காரர் வாயால் கேள்விப்பட்டதும் லீவு போட்டுவிட்டு வந்து, தாம்பரத்தில் ஒரு டாக்டரிடம் அம்மாவை அழைத்துப் போனாள். எடை பார்க்கிற இயந்திரத்தில் ரத்தினபாயை ஏற்றிய நர்ஸ், இயந்திரத்தைத் தட்டிவிட்டு மறுபடி ஏற்றினாள். பிறகு தானே ஏறிப் பார்த்தாள். பிறகு எதையும் எழுதாமல் போய்விட்டாள்.

டாக்டர் மிருதுளா சின்னப் பெண். பழைய வேலையைப் பற்றிப் பொறுமையாகக் கேட்டாள்.

"ஆன்ட்டி, அந்தக் காலத்துல உடம்புக்குள்ள போன ஈயம் எலும்புல போய் உட்கார்ந்துடும். கால்சியம்னு நினைச்சு எலும்பு வாங்கி வெச்சுக்கும். பீரியட்ஸ் நின்னதுக்கு அப்புறம் பெண்களுக்கு எலும்பு தேய ஆரம்பிக்கும் இல்லையா, அப்ப அது திரும்ப வெளியில வரும். மறதி, தூக்கமின்மை, காரணமில்லாத அழுகை எல்லாத்துக்கும் அது ஒரு காரணமா இருக்கலாம். இருக்குன்னு சொல்லலை. பார்த்துடலாம்."

"வெளியில வரும்னா, எங்க வரும் டாக்டர்?"

"ரத்தத்துலதான்."

"அதோட நின்னுடுமா?"

டாக்டர் டெபோராவைப் பார்த்தாள். டெபோரா தரையைப் பார்த்தாள்.

ரத்தம் எடுத்து முடித்து வெளியே வந்ததும் டெபோரா அம்மாவின் தோளைப் பிடித்துக்கொண்டு பேசினாள். "அம்மா, ஈயம்னு வந்தா வைத்தியம் இருக்கு. சரியாயிடுவீங்க, அப்பா கட்டின வீட்டுலயே இருங்க, நான் ஒண்ணும் சொல்லமாட்டேன். அது இல்லைன்னா கீழ்க்கட்டளையில ஒரு ஹோம் பார்த்து வெச்சிருக்கேன், அங்க வந்துடணும். நல்ல இடம்தான். சாயங்காலம் கேட்டைப் பூட்டிடுவாங்க."

"நான் பைத்தியம் இல்லை டெபோரா."

"நான் அப்படிச் சொல்லலைம்மா. ஆனா மீட்டிங் நடுவுல, நீங்க ஏரியில விழுந்துட்டீங்களோன்னு யோசிச்சுக்கிட்டே என்னால உட்கார முடியலை."

அன்று ராஜகீழ்ப்பாக்கம் முதல் வண்டலூர் வரைக்கும் எத்தனையோ பேர் தங்கள் ரத்தத்தில் ஒன்றும் இருக்கக்கூடாது என்று ஜெபித்திருப்பார்கள். ரத்தினபாய் ஒருத்திதான், ஆண்டவரே என் ரத்தத்தில் விஷம் இருக்கட்டும் என்று கேட்டாள். விஷம் இருந்தால் அந்தப் பள்ளம் நோய். விஷம் இல்லையென்றால் அவளுக்குப் பூட்டிய கேட். அல்லது அந்தப் பள்ளம் நிஜம். மூன்றாவதை அவள் நினைக்கவில்லை. நினைக்காமல் இருக்கப் பார்த்தாள்.

டெபோரா அங்கிருந்தே வேலைக்குப் போனாள். ரத்தினபாய் ஆட்டோவில் ஏறினாள். ஜி.எஸ்.டி. ரோட்டில் மழைத்தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. இரும்புலியூர் தாண்டியதும் டிரைவர் தீனா வண்டியை ஓரம் கட்டினான். இறங்கி இடது பக்கச் சக்கரத்தைக் காலால் உதைத்துப் பார்த்தான்.

"காத்து ஃபுல்லா கீது. அப்பறம் ஏன் ஒரே சைடா இயுக்குது? யம்மா, கொஞ்சம் நடுவுல குந்துங்க."

"நான் வலது பக்கம்தானேப்பா உட்கார்ந்திருக்கேன்."

தீனா குனிந்து பார்த்தான். வலது ஓரத்தில் கம்பியைப் பிடித்தபடி, பறந்துவிடுவாள்போல ஒரு கிழவி. இடது பக்கம் காலி. வண்டி இடது பக்கம் சாய்ந்து கிடந்தது. அவன் கண்ணாடியைத் திருப்பி வைத்துவிட்டு ஓட்டினான்.

ரத்தினபாய் நடுவுக்கு நகர்ந்தாள். இடுப்பில் ஏதோ இடித்தது. ஜில்லென்று, அசையாமல், அண்டாவின் பக்கவாட்டுபோல. மழையின் மண்வாசனைக்கு நடுவில் குங்கிலியம். வீட்டு வாசலில் இறங்கிய பிறகும் ஆட்டோ நிமிரவில்லை. அவள் கேட்டைத் திறந்தாள். அப்போது நிமிர்ந்தது. ஸ்பிரிங் ஒரு பெருமூச்சு விட்டதுபோல முனகியது. தீனா மீட்டரைப் பார்க்காமல், கையைக்கூட நீட்டாமல் வண்டியைத் திருப்பிக்கொண்டு போய்விட்டான். சென்னையில் இப்படி நடந்ததாக வேறு பதிவு கிடையாது.

பரிசோதனை முடிவு வர நாளாகும் என்றார்கள். அவள் ஹாலுக்குள் போவதைக் குறைத்துக்கொண்டாள். சமையலறையிலேயே ஒரு முக்காலி போட்டு உட்கார்ந்து, வெங்காயம் உரித்து, அதை நறுக்காமல் வைத்துவிட்டு, மறுபடி உரிக்க வெங்காயம் தேடினாள். தன் கால் வைக்கிற சத்தம் தனக்கே கேட்கவில்லை என்பதைக் கவனித்தாள். செருப்பு போட்டு நடந்தாலும் கேட்கவில்லை. தண்ணீர் சிந்திய தரையில் அவள் நடந்து போனால் அடித்தடம் விழவில்லை. ஹாலில் மட்டும் இன்னொரு நடை இருந்தது. அம்மி நகர்வதுபோல ஒன்று. பிறகு சோபா முனகும். பிறகு ஸ்ஸ்.

ஒருநாள் சாயங்காலம் மின்சாரம் போயிற்று. மெழுகுவத்தி ஹால் அலமாரியில் இருந்தது. அவள் சுவரைத் தடவிக்கொண்டு போனாள். சோபாவைப் பார்க்கக்கூடாது என்று முடிவு செய்துகொண்டுதான் போனாள். அலமாரியைத் திறந்தாள். வத்தி அகப்பட்டது. தீப்பெட்டி அகப்பட்டது. முதல் குச்சி நமுத்துப்போயிருந்தது. இரண்டாவது பற்றியது.

அலமாரிக் கண்ணாடி.

அதில் சோபா தெரிந்தது.

ஒரு பெண். கம்பெனி மேல்கோட்டு. தலையில் வலை. எல்லாம் ஒரே நிறம், அப்போதுதான் உருகி நின்ற ஈயத்தின் பளபளப்பு. பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஆறி மங்கியது. கழுத்து மங்கியது. தாடை மங்கியது. கன்னம். கன்னத்தில் அம்மைத் தழும்பு. ரத்தினபாய் தன் கன்னத்தைத் தொட்டாள். சிறுவயதிலிருந்தே அங்கே இருந்த தழும்பு இல்லை. வழுவழுவென்று இருந்தது.

அது நிமிர்ந்து பார்த்தது. வயது இருபத்து நாலோ ஐந்தோ. ரத்தினபாய் இழந்த எல்லாம் அதனிடம் இருந்தது. கனம் இருந்தது. நிதானம் இருந்தது. பாதியில் அறுந்துபோன சங்கீதத்தின் மீதிப் பாதியை அது முணுமுணுத்தது. ஒரு சொல் தவறவில்லை.

குச்சி விரலைச் சுட்டது. இருட்டு.

ஸ்ஸ்.

அவள் எப்படிச் சமையலறைக்குத் திரும்பினாள் என்பது அவளுக்கே தெரியாது. கிளியம்மாளுக்குப் போன் செய்தாள். மருமகள் எடுத்தாள். "அத்த பேச மாட்றாங்க ஆன்ட்டி. மத்தியானத்துலேர்ந்து மோட்டார் ரூமாண்டயே நின்னுகினு கீறாங்க. கூப்ட்டா திரும்ப மாட்றாங்க. தூக்கிகினு வந்து படுக்க வெச்சேன், ஒரு கையால தூக்கிட்டேன், நம்புவீங்களா?"

நம்பினாள்.

முடிவு வந்த அன்றைக்கும் மழைதான். முன்கூட்டிச் சொல்லாமல் டெபோரா நாலு மணிவாக்கில் வந்தாள். குடையை வாசலில் விரித்து வைத்துவிட்டு, நனைந்த துப்பட்டாவைப் பிழிந்துகொண்டே உள்ளே நுழைந்தாள். கண்ணுக்குக் கீழே கறுத்திருந்தது. அழுத முகமா, தூங்காத முகமா என்று சொல்ல முடியவில்லை.

"டாக்டர் பேசினாங்கம்மா. முதல்ல ஒரு காபி குடுங்க. சோழிங்கநல்லூர் டிராஃபிக்ல ஒரு மணி நேரம் நின்னேன், தலை வெடிக்குது. குடிச்சுட்டுச் சொல்றேன்."

"இப்பவே சொல்லேன்."

"காபிம்மா."

டெபோரா சோபாவை நோக்கிப் போனாள். ரத்தினபாயின் வாய் திறந்தது. அங்கே உட்காராதே என்ற வார்த்தை நாக்கு நுனிவரை வந்தது. சொன்னால் டெபோரா ஏன் என்று கேட்பாள். அதற்குப் பதில் சொன்னால் கீழ்க்கட்டளை. காபி போடுகிற நேரம்தான். டெபோரா வழக்கமாக வலது பக்கம்தான் உட்காருவாள். ரத்தினபாய் வாயை மூடிக்கொண்டாள். டெபோரா வலது பக்கம்தான் உட்கார்ந்தாள்.

பால் கொதித்தது. இந்தமுறை பொங்கவிடவில்லை. டிகாக்‌ஷன் ஊற்றினாள், ஆற்றினாள், இரண்டு டம்ளரை எடுத்துக்கொண்டு ஹால் வாசலுக்கு வந்தாள். அவள் வந்தது டெபோராவுக்குக் கேட்கவில்லை. கேட்க வழியில்லை.

டெபோரா கண்ணை மூடியிருந்தாள். சோபா இடது பக்கம் சரிந்திருந்தது. சரிவில் வழுக்கி வழுக்கி அவள் அந்த ஓரத்துக்கே வந்துவிட்டிருந்தாள். தலை சாய்ந்திருந்தது. ஒரு தோளின் உயரத்தில். தோள் இருக்க வேண்டிய இடத்தில் சுவரின் சுண்ணாம்பு தெரிந்தது. தலை கீழே விழவில்லை.

நனைந்த முடி தானாக ஒதுங்கியது. நெற்றியிலிருந்து பின்னால், மெதுவாக. அழுத்தமாக. ஒரு விரல் போன வழி. பக்கத்தில் இன்னொரு விரல். போன வழியெல்லாம் முடியின் கறுப்பு சாம்பல் நிறமாகியது.

"அப்படியே தடவிக்கிட்டு இருங்கம்மா," என்றாள் டெபோரா, கண்ணைத் திறக்காமல். குரல் குழந்தைக் குரலாகிவிட்டிருந்தது. "எத்தனை நாளாச்சு நீங்க என்னைத் தொட்டு. கை மட்டும் ஏன் இவ்வளவு கனமா இருக்கு?"

டம்ளர் இரண்டும் ரத்தினபாயின் கையில் இருந்தன. அவள் கூப்பிட்டாள். குரல் வரவில்லை. இன்னொருமுறை கூப்பிட்டாள். டெபோராவின் உதடு லேசாகத் திறந்திருந்தது. தித்திப்பாக எதையோ ருசிப்பதுபோல அது அசைந்தது.

"பயப்படாதீங்கம்மா, நான் இருக்கேன். கீழ்க்கட்டளைக்கு நாளைக்கே போயிடலாம்," என்று டெபோரா அந்தத் தோளிடம் சொன்னாள். "உங்க ரத்தத்துல ஈயமே இல்லையாம்."

அது உண்மை. இரண்டு முறை சோதித்துப் பார்த்துவிட்டார்கள்.